முழு வேகத்தில் சுவரை நோக்கி

அம்மனை நம்பி இங்கே வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நான் மாலதி, ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறேன். பதினோரு வயதிலிருந்து எனக்குப் பார்வை இல்லை. நீச்சல் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். போன வருடம் ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, பயிற்சியின்போது என் வலது கை குளத்துச் சுவரில் மோதி இரண்டு விரல்கள் முறிந்தன. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை.

எங்கள் போட்டி எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நீந்தும்போது சுவர் எங்கே வருகிறது என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் குளத்தின் முனையில் ஒருவர் நீளமான கம்போடு நிற்பார். கம்பின் நுனியில் மெத்தென்ற பந்து இருக்கும். சரியான இடம் வந்ததும் அதனால் தலையில் தட்டுவார். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை கையை வீசிச் சுவரைத் தொட வேண்டும். கண் இமைக்கும் நேரம் பிசகினால் போச்சு. என் கணவர் செந்திலுக்கு இந்த வேலை சரிப்படாது. எனக்கு அடிபட்டுவிடுமோ என்று பாதிக் குளத்திலேயே தட்டிவிடுவார், அவ்வளவு தைரியசாலி. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எட்டாவது மாடியில் இருக்கும் ரேணுகாதான் ஆசையாக வந்து கற்றுக்கொண்டாள். என் வயதுக்காரி, வங்கியில் வேலை பார்க்கிறாள். அந்தச் சனிக்கிழமைதான் அவள் முதன்முறையாகத் தனியாகக் கம்பு பிடித்தாள்.

அவள் தாமதமாகத் தட்டிவிட்டாள் என்று பயிற்சியாளரிடம் சொன்னேன். செந்திலிடம் சொன்னேன். கட்டுப்போட்ட நர்ஸிடம்கூடச் சொன்னேன். ரேணுகா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதன்பிறகு அவள் குளத்துப் பக்கமே வரவில்லை. லிஃப்டில் நாங்கள் இருப்பதைப் பார்த்தால் ஏறாமல் நின்றுவிடுவாள் என்று செந்தில் சொன்னார்.

விரல் சரியானதும் தண்ணீரில் இறங்கினேன். கடைசி ஐந்து மீட்டர் வந்தால் கை தானாகவே மடங்கிக்கொண்டது. தேசிய அணித் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. ஐம்பது மீட்டருக்கு வேண்டிய நேரத்தைவிட மூன்று விநாடி அதிகமாக எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் உலகத்தில் மூன்று விநாடி என்பது மலை. எனக்கு வயது முப்பத்திரண்டு. இந்த முறை விட்டால் அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் செந்திலோடு இந்தக் கோயிலுக்கு வந்தேன். நான் பவ்யமாக வேண்டுகிறவள் இல்லை, அம்மனிடம் சண்டை போடுகிறவள். "சுவர் வருதுன்னு சொல்ல எனக்கு ஒரு கை குடு. இல்லேன்னா இந்த ஆசையையே எடுத்துடு. ரெண்டுல ஒண்ண இன்னைக்கே சொல்லிடு" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, செந்தில் என் முழங்கையைக் கிள்ளினார்.

பிறகு அன்னதானத்தில் உட்கார்ந்தோம். ரசம் ஊற்ற வந்தவர், ஊற்றுவதற்கு முன் கரண்டியால் என் தட்டின் விளிம்பை மெல்லத் தொட்டுச் சத்தம் கொடுத்தார். கையை நான் தள்ளி வைத்த பிறகே ஊற்றினார். இப்படி யாரும் எனக்குச் செய்ததில்லை. கையைப் பிடித்து இழுப்பார்கள், இல்லையென்றால் காதில் கத்துவார்கள். யார் என்று விசாரித்தேன். பெயர் முருகேசன், புதுக்கோட்டைக்காரர். கப்பல் பட்டறையில் சிக்னல்மேன், அன்று லீவு எடுத்துச் சேவைக்கு வந்திருந்தார். கிரேன் ஓட்டுகிறவருக்குப் பல நேரம் கீழே இருப்பது தெரியாதாம். வாக்கி டாக்கியில் இவர் சொல்வதைக் கேட்டுத்தான் சாமானை இறக்குவாராம்.

அம்மன் கை கொடுத்துவிட்டாள் என்று முடிவுகட்டிவிட்டேன். செந்தில் கை கழுவப் போன நேரம் பார்த்து என் கதையைக் கொட்டி, எனக்குக் கம்பு பிடிக்க வருவீர்களா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் பொண்ணு தட்டுனதும் நீங்க என்னம்மா பண்ணீங்க?"

அன்று நடந்தது எனக்குத் தெரியும். ரேணுகா புதுசு, செந்தில் மாதிரி பயந்துபோய் முன்னாடியே தட்டுவாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவள் தட்டிய பிறகும் இரண்டு முறை கை வீசினேன். சுவர் வந்துவிட்டது. அவள் தட்டியது சரியான இடத்தில்தான். வலியோடு தண்ணீரில் மிதக்கும்போதே அது எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று மாதமாக மறைத்து வைத்திருந்தேன். அந்த இடத்தில் பொய் சொல்ல முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

"கிரேன்ல இருக்கிறவரு என் பேச்ச விட்டுட்டு தானா ஒரு கணக்குப் போட்டா, நான் எவ்வளவு சரியா சொன்னாலும் இடிக்கும்மா. வரச் சொன்னா ஞாயித்துக்கிழம வரேன். ஆனா உங்களுக்கு ஆள் இருக்கே" என்றார் முருகேசன் அண்ணன்.

அன்று சாயங்காலம் எட்டாவது மாடிக்குப் போனேன்.

"ரேணுகா, நீ சரியாத்தான் தட்டுன. நான்தான் நம்பல. பழிய உம்மேல போட்டுட்டேன்" என்றேன்.

"மூணு மாசமா உன் விரல நான்தான் உடைச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், மாலா" என்றாள். காலில் விழப் போனேன், தடுத்துவிட்டாள். உடனே மன்னித்தாள் என்று சொல்ல மாட்டேன். "கோச் கிட்ட நீயே உண்மையச் சொல்லணும் லா. அப்புறம்தான் நான் வருவேன்" என்றாள். நியாயம்தானே. பயிற்சியாளரிடம் சொன்னேன். செந்திலிடமும் சொன்னேன், இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அந்த நர்ஸைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுவாரமே ரேணுகா வந்தாள். முதல் சில நாள் என் கை மடங்கத்தான் செய்தது. ஒவ்வொரு முறையும் அம்மன் பெயரைச் சொல்லி, வேகத்தைக் குறைக்காமல் போகப் பழகினேன். ஒரு நாள் பாதிக் குளத்தைத் தாண்டிய பிறகுதான் பயப்பட மறந்துவிட்டேன் என்பதே நினைவுக்கு வந்தது. தேர்வு நாளன்று முழு வேகத்தில் போனேன். தலையில் பந்து பட்டது. ஒரே வீச்சு. விரல் நுனி சுவரைத் தொட்டது. மேலே ரேணுகா அழுதுகொண்டே என் நேரத்தைச் சொன்னாள். வேண்டியதைவிட அரை விநாடி குறைவு.

இப்போது அணியில் இருக்கிறேன். இந்த வருடம் இரண்டு நாடுகளுக்குப் போய் நீந்திவிட்டு வந்தேன், கம்போடு ரேணுகாவும் வந்தாள். நான் கேட்ட கையை அம்மன் எப்போதோ கொடுத்துவிட்டாள். அதைத் தட்டிவிட்டது நான்தான். என் வாயிலிருந்தே உண்மையை வரவழைத்து, அதே கையைத் திரும்பவும் கொடுத்தாளே, அதற்கு ஆயுசு முழுக்க நன்றி சொன்னாலும் போதாது.

கஷ்டத்தோடு வந்திருப்பவர்கள் தைரியமாக அவளிடம் கேளுங்கள். சண்டை போட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள், நான் பார்த்துவிட்டேன். இனி வெள்ளிக்கிழமைகளில் அன்னதானத்தில் தண்ணீர் ஊற்றப்போவது நான்தான். கண் தெரியாதவள் மேலே கொட்டிவிடுவாளோ என்று பயப்படாமல் டம்ளரை நீட்டுங்கள்.