தொமாஷிரின் இருமல்

இருமல் முட்டினால் தொமாஷிர் தன் குதிரையின் பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். சாம்பல் நிறப் பெண்குதிரை. பழகிப்போய்த் தானாகவே கழுத்தைத் தாழ்த்திக் கொடுக்கும். குதிரை பக்கத்தில் இல்லையென்றால் வைக்கோல் போர், கம்பளித் தொப்பி, அதுவும் இல்லையென்றால் முழங்கை. ஊர் கேட்டால் பரவாயில்லை. அரசனின் மணியக்காரன் ராத்கோ கேட்டுவிடக் கூடாது.

வோல்ஹவ் ஆற்றங்கரையில் உழுது பிழைப்பவனுக்கு ஸ்மெர்த் என்று பெயர். சீமான்கள் வாயில் அது வசவு. ஆண்பிள்ளை இல்லாமல் ஸ்மெர்த் கண்ணை மூடினால் மாடு, குதிரை, நிலம் எல்லாம் அரசனுக்குப் போய்விடும். மணமாகாத மகளுக்கு ஏதோ ஒரு பங்கு உண்டு. மணமானவளுக்கு அதுவும் இல்லை. தொமாஷிருக்கு இருப்பது ஒரே மகள், மிலூஷா.

"காட்டை எரிச்சது நான், வேரைப் பிடுங்குனது நான். வாரிசு மட்டும் அவனாம்! என் பொண்டாட்டி வலியில கத்துனப்போ அந்த ராசா வந்து பக்கத்துல நின்னானா?"

கோடரி தீட்டும்போதுதான் இந்தப் பேச்சு வரும். அதனால் அவர் கோடரி எப்போதும் தேவைக்கு மேல் கூராக இருக்கும்.

பக்கத்து ஊர் ஸ்தொயான் பெண் கேட்டு இரண்டு அறுவடை ஆயிற்று. "நான் செத்தப்புறம் கட்டிக்கோ" என்பதே பதில்.

"அதுவரைக்கும் நான் இப்படியே கெடக்கணுமா? உனக்கு ராத்கோ தேவலாம்ப்பா. அவனாவது ஆள் செத்தப்புறம்தான் புடுங்குறான்," என்றாள் மிலூஷா ஒருநாள். அன்று அவர் கறுப்பு ரொட்டியைத் தொடவே இல்லை.

பனி உருகி ஏர் பூட்டும் நாள். உதவிக்கு வந்த ஸ்தொயான் கலப்பைக்குக் கொழு மாட்டிக்கொண்டிருந்தான். மிலூஷா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள். ராத்கோ வந்து நின்றான்.

"என்ன ஸ்மெர்த், மூச்சு வாங்குதாமே? உடம்பைப் பார்த்துக்கப்பா."

சொன்னவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குதிரையின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தான். "நல்லாத்தான் வச்சிருக்கே. ராசா லாயத்துக்குப் பொருத்தம்."

தொமாஷிர் குதிரையிடம் போனார். கயிற்றை அவிழ்த்து ஸ்தொயான் கையில் திணித்தார்.

"மாப்ளே, பொண்ணையும் கூட்டிட்டுப் போ, குதிரையையும் ஓட்டிட்டுப் போ. இது சீதனம். உசுரோட இருக்கிறவன் குடுக்கிறதை எவன் தடுக்குறான்னு பாக்குறேன். மிலூஷா, மாட்டையும் அவுத்துக்கோ! மிச்சம் மண்ணுதான். அதை ராசாவே வந்து உழட்டும்."

"குதிரை இல்லாம இந்த வருசம் நீ எப்படிய்யா உழுவே?" என்றான் ராத்கோ.

தொமாஷிர் அவன் மூக்குக்கு நேரே போய் நின்றார். முழங்கையைத் தூக்கவில்லை. தலையைத் திருப்பவில்லை. குளிர்காலம் முழுக்க விழுங்கி வைத்திருந்த இருமலையெல்லாம், நெஞ்சு கிழிய, அவன் முகத்தில் இருமினார்.