பொழிச்சலூர் ரிப்பேர்காரர்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்மலில் என் மகன் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்தான். தமிழ் எழுத்து மென்பொருள், கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரில் இருந்தது. ஒருநாள் அது திறக்கவில்லை. மாலைக்குள் பத்திரிகை தரவேண்டும். "நீதானே எதையோ தொட்டே?" என்று மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தான்.

பொழிச்சலூரிலிருந்து ரிப்பேர்காரர் வந்தார். ஒல்லி மனிதர்; சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கீபோர்டைத் தொடமாட்டார்.

"அடியில கீற கெர்னல், அதான் கம்ப்யூட்டரையே ஓட்டுற மூல புரோகிராம், புச்சா மாறிக்கீது சார். அதுக்கேத்தாப்புல உள்மெஷினை மறுபடி செட் பண்ணணும். யாரு அப்டேட் குடுத்தது?"

நான்தான். தூசி துடைக்கும்போது திரையில் ஒரு பெட்டி ஏதோ கேட்டது. பதில் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லையே என்று அமுக்கிவிட்டேன். அதைச் சொல்லாமல் மறுபடி மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"தானாவே மாறிடும் சார். அக்காவைத் திட்டாம வுடுங்க" என்றார். அரைமணியில் சரிசெய்துவிட்டார்.

எப்படித்தான் கண்டுபிடித்தாரோ! கெர்னல் நிஜமாகவே தானாக மாறுமா? தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். மாறாதென்றால், மருமகளிடம் நான் உண்மையைச் சொல்லியாகவேண்டும்.