மூச்சு விட நேரமில்லாத ஃபின்டன்

எங்கள் கில்மோரனில் கைத்தொழில்காரன் ஒருவனைப் பார்த்து "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். "மூச்சு விட நேரமில்ல." தச்சன், கூரை போடுகிறவன், குழாய்க்காரன், எவனைக் கேட்டாலும் இதேதான். வேலை இல்லை என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னால் போதும், யார் வீட்டுச் சுவரைக் கெடுத்தானோ என்று மறுநாளே பேச்சு கிளம்பிவிடும். அயர்லாந்தின் இந்த மேற்கு மூலையில் ஒருவனுக்குக் கால் முறிந்ததைக்கூட நாலு பேருக்குச் சொல்லலாம், இதை மட்டும் சொல்லக் கூடாது.

சுவர் பூசும் ஃபின்டன் இந்த விஷயத்தில் மற்ற எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவன். பிப்ரவரியில் ஒரு ஓட்டல்காரர் பாதிக் கட்டடத்தோடு வேலையை நிறுத்தினார். அதோடு இருபத்திரண்டு வருஷமாகத் தனியாளாக ஓட்டிய தொழில் படுத்துவிட்டது. ஃபின்டன் அசரவில்லை. தினமும் காலை எட்டு மணிக்குச் சாந்து படிந்த அங்கியை மாட்டிக்கொண்டு வேனை எடுப்பான். நேராக ஏரிக்கரை. அங்கே ரேடியோவும் ஃபிளாஸ்க் டீயுமாக உட்கார்ந்திருப்பான். ஐந்து மணிக்கு, பூட்ஸில் கொஞ்சம் வெள்ளைத் தூளைத் தட்டிக்கொண்டு, களைத்த முகத்தோடு ஊருக்குள் வருவான். அந்தக் களைப்பை அவன் நன்றாகவே நடித்தான் என்றுதான் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்தவள் மனைவி அட்ராக்டா ஒருத்திதான்.

பத்து வாரம் ஓடியது. வேனுக்கு இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டிய நாள் வந்தது. கட்டாவிட்டால் வேனை விற்க வேண்டும், வேன் போனால் லிவர்பூலில் மச்சானிடம் கூலிக்குப் போக வேண்டும். மச்சானிடம் கைகட்டி நிற்பதை ஃபின்டனால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

"வருஷா வருஷம் சொந்தத் தொழில்காரன்னு அரசாங்கக் காப்பீட்டுக்குக் கட்டினியே, எதுக்குக் கட்டின? அழகுக்கா?" என்றாள் அட்ராக்டா. "போய் எழுதிக் குடுத்து உன் பணத்தை வாங்கிட்டு வா."

"அந்த உதவித்தொகை ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறது யாரு தெரியுமா? பிலோமினா மக டெர்வலா!"

"யாரா இருந்தா என்ன? வேலை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிப் பாரு."

ஃபின்டன் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தான். "எனக்கு வேலை இல்ல." நாலாவது தடவை நாக்கு ஒருவழியாகப் பழகியது.

உதவித்தொகை அலுவலகத்தில் அன்று கூட்டமில்லை. டெர்வலா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "அட, ஃபின்டன்! வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"மூச்சு விட நேரமில்ல," என்றான் ஃபின்டன்.

சொல்லிவிட்டான்! கண்ணாடி முன் பழகியதெல்லாம் வீண். டெர்வலா அவன் நீட்டிய விண்ணப்பத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

"வேலை இல்லாதவங்களுக்கான உதவின்னு இதுல போட்டிருக்கே."

"ஆமா. அதாவது... இல்ல. வேலை சுத்தமா இல்ல, டெர்வலா. ஓட்டல் நின்னதுல இருந்து."

"எங்க அம்மா, அடுக்களை மேற்கூரை பூசணும்னு போன மாசம் கேட்டாங்களே? நவம்பர் வரைக்கும் நேரமில்லைன்னு சொன்னீங்களாமே?"

ஃபின்டனுக்குக் காது சிவந்துவிட்டது. உடனே வருகிறேன் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று பயந்து சொன்னது அது. வந்த வேலையைத் தள்ளியவனுக்கு உதவி கிடையாது என்று அந்த விண்ணப்பத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது.

"நீங்க ஏதோ பொய் சொல்றீங்க, அது எனக்குத் தெரியுது," என்றாள் டெர்வலா, சிரிப்பை அடக்கியபடி. "எங்க அம்மாகிட்டச் சொன்னதா, என்கிட்டச் சொன்னதான்னுதான் தெரியல. நீங்க சும்மா இருந்தீங்கன்னு வீட்டு ஆளுங்க இல்லாத ரெண்டு பேர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

பத்து வாரம் பாடுபட்டு ஊரை நம்ப வைத்தவன், இப்போது அதே ஊரிடம் போய், நான் சும்மா இருந்தேன் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும்! லிவர்பூலே தேவலை என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு மச்சானின் முகம் நினைவுக்கு வந்தது. வேனை ஹார்டுவேர் கடைக்குத் திருப்பினான்.

கடைக்கார மலாக்கி ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார். ஃபின்டன் தொண்டையைக் கனைத்தான். "மலாக்கி, உங்ககிட்ட ஒரு விஷயம். நீங்க அதிர்ச்சியாகக் கூடாது. எனக்கு கொஞ்ச நாளா வேலை..."

"பிப்ரவரியில இருந்து இல்ல," என்றார் மலாக்கி.

"யார் சொன்னா?"

"என்கிட்ட ஒரு மூட்டை பிளாஸ்டர் வாங்கி எத்தனை நாளாச்சு? ஊர்ச் சுவரையெல்லாம் வெண்ணெய் வெச்சா பூசுற?"

பின்னால் வரிசையில் நின்ற தபால்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஏரிக்கரை வீடுகளுக்கு யாராவது வழி கேட்டா, ஃபின்டன் வேன் நிக்கிற இடத்துல இடப்பக்கம் திரும்புங்கன்னுதான் நாங்க சொல்றோம்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ஏரியில மீன் பிடிக்கிறவங்க உன் ரேடியோவுலதான் செய்தி கேக்குறாங்க," என்றாள் அவள்.

"அப்போ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! ஒரு வேலை குடுத்திருக்கலாமே!"

மலாக்கி தராசை நிறுத்தினார். "எப்படிய்யா கேக்கிறது? நீ மூச்சு விட நேரமில்லைன்னு சொல்ற. உனக்கு வேலை தரேன்னு சொன்னா, நீ பொய்யன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆகாதா? நாங்க மரியாதை தெரிஞ்சவங்க."

ஃபின்டனுக்கு முதலில் அவமானமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்ததும் நிற்கவில்லை. பெயின்ட் டப்பா அடுக்கில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான். பத்து வாரமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல்லை யாரோ இறக்கிவிட்டார்கள்.

ரெண்டு கடிதம் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை டெர்வலாவின் மேசையில் பதினொன்று இருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள், தோள் குலுங்கக் குலுங்கப் படித்தாள். கடைசிக் கடிதம் அவள் அம்மா பிலோமினா எழுதியது: "நவம்பர் என்று இவன் சொன்னபோது கையைப் பார்த்தேன். பூச்சு வேலைக்காரன் கை வெடித்துக் கிடக்கும். இவன் கை பாதிரியார் கை மாதிரி பளபளவென்று இருந்தது. பாவம், வீம்புக்காரன், வேலை தள்ளவில்லை, வெட்கத்தைத்தான் மறைத்தான். பி.கு.: என் மேற்கூரை சூப்பில் விழுகிறது. ஆள் சும்மா இருந்தால் உடனே அனுப்பவும்."

மற்றப் பத்துக் கடிதங்களிலும் பெரும்பாலும் அப்படி ஒரு பின்குறிப்பு இருந்தது. மலாக்கிக்குக் கடையின் பின்சுவர், தபால்காரப் பெண்ணுக்கு மாடிப்படிச் சுவர். அவனே ஊரறிய ஒப்புக்கொண்டுவிட்டானே, இனி கேட்பதில் மரியாதைக் குறைவில்லை.

அடுத்த புதன்கிழமை ஃபின்டன் பிலோமினாவின் அடுக்களையில் பலகை மேல் நின்று, கரணையும் கையுமாக, மூக்கெல்லாம் சாந்தாக இருந்தான். அங்கியில் போன் அடித்தது.

"ஃபின்டன், டெர்வலா பேசறேன். சும்மா இருந்த வாரங்களுக்கு உங்க உதவித்தொகை பாஸாயிடுச்சு, நாளைக்கு வந்துடும். இன்ஷூரன்ஸ் கட்டிடுங்க. இனிமே வர்ற வாரத்துக்கு ஒரு கேள்வி கேக்கணும், சட்டம். இப்போ வேலை எப்படி?"

ஃபின்டன் ஒரு கணம் யோசித்தான். உண்மையைத்தான் சொன்னான்.

"மூச்சு விட நேரமில்ல."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "ஃபின்டன், மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. என்கிட்ட பதினொரு கடிதாசி இருக்கு."

"நிஜமா, டெர்வலா! செப்டம்பர் வரைக்கும் ஆள் காலி இல்ல!"

"இதையேதான் எங்க அம்மாகிட்டயும் சொன்னீங்க."

பிலோமினா சூப்புப் பானையை மூடிவிட்டு நாற்காலி மேல் ஏறினாள். போன் பிடித்திருந்த அவன் கையை இழுத்துத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். விரல் நுனியில் மூன்று இடத்தில் வெடித்திருந்தது.

"எழுதிக்கோடி," என்று போனுக்குள் கத்தினாள். "இந்தத் தடவை நிஜம்!"