தாண்டிக்குடி ஓடையும் செல்வமேரியின் பெயரும்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானல் பஜாரில் ஒரு சின்ன வாரப் பத்திரிகையில் நான் நிருபர். முதலாளியும் ஆசிரியரும் இபுராகிம் ராவுத்தர். பஸ் நேரம், மழை அளவு, ஒட்டன்சத்திரம் காய்கறி விலை, மரண அறிவிப்பு எல்லாம் என் பொறுப்பு. சேர்ந்து பல வருஷமாகியும் என் பெயர் அச்சில் வந்ததில்லை.

செண்பகனூரில் டீச்சராக இருந்த செல்வமேரி, எங்களிடம் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு விஷயத்தைக் கொண்டுவந்தாள். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காபிப்பழத் தோலை உரிக்கும் பல்ப்பர் மெஷினின் கழிவுத் தண்ணீரை ஓடையில் விடுகிறார்கள், கீழே உள்ள ஊரில் அதைக் குடித்துப் பிள்ளைகளுக்கு வாந்தி என்றாள். அந்த எஸ்டேட் எங்களுக்கு வாராவாரம் விளம்பரம் தருவது. ஆனாலும் ராவுத்தர் ஜீப்புக்கு ஏற்பாடு செய்தார். தன் மழைக்கோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சுப்பையா, மேரியம்மா வர்ற வரைக்கும் அவங்க சோலியையும் நீ பாத்துக்க."

பள்ளிக்கூட விழாவும் சர்ச் திருவிழாவும் எழுதிக்கொண்டே வயிறெரிந்தேன். எனக்கு யாரும் இப்படி ஜீப் பிடித்துக் கொடுத்ததில்லை.

அவள் கட்டுரை முதல் பக்கத்தில், பெயரோடு வந்தது. புரூஃப் பார்த்தவன் நான். ஒரு தப்பாவது அகப்படுமா என்று தேடினேன். அகப்படவில்லை.

விளம்பரம் நின்றது. அடுத்து எஸ்டேட் மேனேஜர் என்னைத் தேடி வந்தார். நான்தான் சீனியர் என்று கேள்விப்பட்டாராம். நேரில் வந்து ஓடையைப் பார்த்து, பார்த்ததை என் பெயரிலேயே எழுதச் சொன்னார். ராவுத்தரிடம் சொன்னேன். போய்ப் பார், உள்ளதை எழுது என்றார்.

ஓடை கண்ணாடி மாதிரி ஓடியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தலைப்பைக்கூட மனதில் போட்டுவிட்டேன். அப்போது ஊற்றுக்குழியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"இன்னைக்குத் தெளிஞ்சுதான் கெடக்கு. நீங்க வர்றீகன்னு வெள்ளனே மெஷினை நிறுத்திட்டாக."

அவள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டுத்தான் பல்ப்பர் இருந்த கொட்டகைக்குப் போனேன். பறித்த பழம் உரிக்காமல் குவிந்து புளித்த வாடை வந்தது. ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் கிளம்பியதும் மெஷினை ஓட்டச் சொல்லி உத்தரவு என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

எழுதிக் கொடுத்தேன். ராவுத்தர் இரண்டு தடவை படித்தார். "தனியா ஒம் பேர்ல போடவா, மேரியம்மாவோட அடுத்த கட்டுரையில சேக்கவா? நீயே சொல்லு."

தொடர் கட்டுரைக்கு ஒரே பெயர்தான் என்பது அவர் வழக்கம்; சேர்த்தால் செல்வமேரி பெயர் மட்டும்தான் வரும். தனியாக வந்தால் எங்களுக்குள் போட்டி என்று எஸ்டேட் தரப்பு கதை கட்டும். அவள் கட்டுரையோடு சேர்ந்தால் அவர்களுக்குத் தப்பிக்க வழியில்லை. சேர்க்கச் சொன்னேன்.

அது வெளிவந்த பிறகு சுகாதார அதிகாரி வந்தார். எஸ்டேட்டில் கழிவுக்குக் குழி வெட்டினார்கள். பஜார் டீக்கடையில் ஒருவர், மெஷினை நிறுத்திவைத்த பகுதியை உரக்கப் படித்து, "அந்தம்மா எப்பிடிக் கண்டுபிடிச்சிருக்கு பாருங்க" என்றார். நான் பக்கத்து பெஞ்சில்தான் இருந்தேன். டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தேன்.

யார் பெயரில் வந்தால் என்ன என்று இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களிடம் நான் சொல்வதில்லை. வலிக்கும். வலித்தாலும், கையில் கிடைத்த உண்மையை அது பலப்படுகிற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.