அஞ்சறைப் பெட்டியில் ஸ்க்ரூ

எங்கள் வீட்டில் சீரகம் காகிதப் பொட்டலத்தில் கிடந்தது. அது இருக்கவேண்டிய அஞ்சறைப் பெட்டியில் அப்பாவின் ஸ்க்ரூக்கள் இருந்தன. கடுகுக் குழியில் ஸ்பிரிங், வெந்தயக் குழியில் வாஷர். தைலப் புட்டி, விபூதி டப்பா, ஃபிலிம் ரோல் டப்பா எதுவும் அவர் கைக்குத் தப்பவில்லை. இட்லித் தட்டைக்கூட விடவில்லை மனிதர். ஞாயிற்றுக்கிழமை இட்லி வேண்டுமென்றால் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும்.

அப்பா வேலைபார்த்த மில்லை மூடிய பிறகு வந்த பழக்கம் இது. ரெட்டியார்பாளையத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். மூடிய புதிதில் அப்பா பகலெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பொழுது சாய்ந்தால் ஆணியில் தொங்கும் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைச் சாராயக்கடைக்குப் போய்விடுவார். சோப்பு கம்பெனியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வரும் அம்மா, செருப்பைக் கழற்றும்போதே ஆணியைத்தான் பார்ப்பாள். சட்டை இல்லையென்றால் அன்றைக்கு வீட்டில் பேச்சே இருக்காது. சோறு வடிக்கவும் அவளுக்குக் கை எழாது.

ஒருநாள் பக்கத்து வீட்டில் தூக்கிப்போட்ட டேப் ரெக்கார்டரை அப்பா எடுத்துவந்து பிரித்தார். அப்புறம் ஒரு ரேடியோ. ஒரு கரண்டி காணாமல் போனாலே ஊரைக் கூட்டுகிற அம்மா, தாய்வீட்டுச் சீராக வந்த அஞ்சறைப் பெட்டியைத் தானே கழுவித் துடைத்து அவர் முன்னால் வைத்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

கழற்றிய ஸ்க்ரூக்களை அப்பா அளவு பார்த்துப் பார்த்துக் குழி குழியாகப் பிரித்துப் போடுவார். பிரித்து முடிந்துவிட்டால்தான் தொல்லை. எழுந்து நடப்பார், வாசலில் நிற்பார், திரும்பிச் சட்டையைப் பார்ப்பார்.

ஆனால் அப்படி முடிகிற சமயம் பார்த்து, காலையில் எல்லாம் பாயில் கொட்டிக் கலந்து கிடக்கும். பழி என் தலையில். இவளுக்குக் கை சும்மாவே இருக்காது என்று அம்மா அலுத்துக்கொள்வாள். சத்தியம் செய்தாலும் நம்ப ஆளில்லை. அப்பா திட்டமாட்டார், பெருமூச்சு விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

ஒருநாள் அப்பா குளிக்கப் போயிருந்த நேரம். வேலைக்குக் கிளம்பிய அம்மா, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடியே குனிந்து அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்தாள். போதாதென்று கையால் கலந்தும் விட்டாள். நிமிர்ந்தபோது நான் நிற்பதைப் பார்த்தாள். விடியும்போதே களைத்துப்போன முகம். பையைச் சரியாக மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் போட்டுக்கொடுத்தேன்.

"நான் இல்லப்பா. அம்மாதான் கொட்டுச்சி. நானே பாத்தேன்."

அப்பா பாயில் கிடந்த குவியலைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார். "எனக்குத் தெரியும்னு உங்கம்மாகிட்ட சொல்லிடாத."

ஈரத் துண்டோடு உட்கார்ந்து இட்லித் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று முடிவுகட்டிவிட்டு நான் பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றியபடி ஆணியைப் பார்த்தாள். சட்டை இருந்தது.

"இன்னும் முடியலையா?" என்று கேட்டாள்.

"எங்க, பாதிகூட ஆவல" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல்.

என் மேல் விழுந்த பழியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அந்தக் கோபத்தில் சோறு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் அவர்கள் இருவரும் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்கள். தூங்கவிடாமல் என்ன பேச்சு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.