புள்ளி வைக்காத ஹெட்

பட்டறையில் அவளுக்குப் பெயர் 'உஸ்'. காற்றளக்கும் மெஷின் ஓடும்போது யார் வாயைத் திறந்தாலும் அவளிடமிருந்து அதுதான் வரும். லேத்துக்காரர் வைத்த பெயர். அது காதில் விழுந்த அன்றும் 'உஸ்' என்றுதான் சொன்னாள்.

பட்டறை அண்ணனுடையது. இன்ஜின் ஹெட்டில் காற்று நுழையும் துளைகளை அவன் கடைந்து பெரிதாக்குவான். அவள் ஹெட்டை மெஷின்மேல் உட்கார்த்தி, வால்வைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திறந்து, போகிற காற்றை அளப்பாள். தேறினால் ஓரத்தில் பஞ்ச் உளி வைத்துத் தட்டி இரண்டு புள்ளி. கட்டியவனை விட்டுவிட்டு வந்த வருஷம், கூட்டிப் பெருக்கத்தான் அண்ணன் வரச் சொன்னான். மெஷின் முன்னாலிருந்த முக்காலியில் அவளாகத்தான் உட்கார்ந்தாள். அப்புறம் எழவில்லை.

அன்று பைக் பந்தயக்காரன் ஒருவனின் ஹெட். வால்வு முழுக்கத் திறந்ததும், பட்டறை அதுவரை பார்க்காத எண் வந்தது. அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டான்.

"புள்ளி வை."

"வைக்க மாட்டேன். பாதி திறப்புல காத்து முன்னைவிடக் குறைஞ்சிருக்கு. சத்தமும் பிசிறடிக்குது. வால்வு உக்கார்ற சீட்டுக்குக் கீழ ரொம்பத் தோண்டிட்டே."

"நம்பர் பேசுதுடி!"

"பேசல, கத்துது. வால்வு முழுசாத் திறக்குறது ஒரு சிமிட்டு. போகும்போதும் வரும்போதும் பாதியைத் தாண்டித்தானே ஆகணும்?"

பந்தயக்காரன் குறுக்கிட்டான். "எனக்குப் பெரிய நம்பர் போதும்க்கா."

"நம்பர் மேல ஏறி உக்காந்து ஓட்டப்போறியா?"

லேத்துக்காரர் சிரித்துவிட்டார். அதுதான் அண்ணனுக்குச் சுட்டது. பஞ்ச் உளியைப் பிடுங்கித் தானே இரண்டு புள்ளி வைத்தான். அவள் அரத்தை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, புள்ளி இருந்த இடம் பளபளவென்று ஆகும்வரை தேய்த்தாள்.

"பட்டறை உன்னது. புள்ளி என்னது."

"அப்ப நாளைக்கு இந்த முக்காலிப் பக்கம் வராத."

புள்ளியில்லாத ஹெட்டைப் பந்தயக்காரன் எடுக்கவில்லை. "பசங்க கிண்டல் பண்ணுவானுங்க" என்று வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் அவள் வழக்கம்போல வந்தாள். முக்காலியில் லேத்துக்காரர், மெஷின்மேல் அதே ஹெட். மெஷின் ஓட, ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் பின்னால் போய் நின்றாள்.

"உஸ்."

பட்டறை அடங்கியது. சீராக இரைந்துகொண்டிருந்த காற்று, வால்வு பாதி திறந்ததும் கிழிசல் துணிபோலப் படபடத்தது.

"கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றான் அண்ணன். சொல்லிக்கொண்டே மெஷினை அணைத்தான்.

"கேக்கலைன்னா எதுக்கு அணைச்சே?"

அவன் ஹெட்டைக் கழற்றத் தொடங்கினான். அவள் லேத்துக்காரரின் தோளில் தட்டினாள்.

"எந்திரிங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் திரும்பவில்லை. எழுந்துகொண்டார்.