புட்டுப் பானையில் வெந்த அடிமெத்தை

அண்ணை, என் இடது காலைப் புண்ணாக்கியது நீங்கள்தான். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அல்ல, என் தலைவிதியும் அல்ல. நீங்கள்.

வாசிக்கிறவர்களுக்கு ஆளைச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஹம் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வாய்க் கரையோரம் சைக்கிள் ஓடும் தமிழ் ஆட்கள் கொஞ்சப்பேர் இருக்கிறோம். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இவர்தான் எங்கள் தலைவர். யாரும் இவரைத் தெரிவு செய்யவில்லை. எங்கள் எல்லோருக்கும் முன்னமே நல்ல சைக்கிள் வாங்கியவர், அதனால் தலைவர். சீட்டை எந்த உயரத்தில் வைப்பது, என்ன சப்பாத்து வாங்குவது, எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போடுவார். நாங்கள் கேட்டு நடப்போம்.

எனக்குச் சைக்கிள் பொழுதுபோக்கு இல்லை. எனக்குக் கார் ஓடத் தெரியாது. முதல் ரயிலைப் பிடித்தாலும் தொழிற்சாலைக்கு விடியற்காலை வேலை தொடங்கும் நேரத்துக்குப் போக முடியாது. மழையிலும் பனியிலும் சைக்கிளில்தான் போனேன். கால் போனால் வேலை போகும். இது இவருக்கும் தெரியும்.

இவர் சொல்லித்தான் பெடலில் பூட்டி ஓடும் சப்பாத்து வாங்கினேன். அடி பலகை மாதிரிக் கடினம். ஒரு ஞாயிறு, கால்வாய்ப் பாலத்தடியில் எல்லோரும் இருந்து ரோல்ஸ் தின்னும்போது சொன்னேன்.

"அண்ணை, கொஞ்சத் தூரம் ஓடினா இடக்கால் விரல் விறைக்குது. பிறகு கால் இருக்கிறதே தெரியேல்லை."

"அது உள்ளுக்கை கிடக்கிற மெத்தையின்ரை பிழை. சூடாக்கினா எங்கட காலின்ரை அச்சுக்கு வாற மெத்தை இருக்கு. எல்லாருக்கும் சேர்த்து எடுக்கிறன்."

அந்த நேரம் ஒருவர் தேத்தண்ணி ஊற்றினார். இவர் கத்தினார்: "தம்பிக்குச் சீனி போடாததைக் குடுங்கோ! ஆள் நடமாடுற சீனி மில். ஒரு இடத்திலை நிண்டா எறும்பு மொய்க்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை ஞாபகம் வைத்திருங்கள்.

மெத்தைகள் வந்தன. பெட்டியோடு கொண்டுவந்தால் இடம் பிடிக்கும் என்று பெட்டிகளையும் உள்ளே இருந்த விளக்கத் தாள்களையும் கழித்து எறிந்துவிட்டு, ஒரு கடைப் பையில் அள்ளிக்கொண்டு வந்து பகிர்ந்தார். ஓவனில் இளஞ்சூட்டில் வைக்க வேண்டும் என்றார். எங்கள் வீடுகளில் ஓவன் என்பது தாச்சிகள் அடுக்கும் அலுமாரி. அதோடு சப்பாத்துக்குள் போடும் சாமானைச் சாப்பாட்டு ஓவனுக்குள் வைக்க எந்த வீட்டிலும் விடவில்லை. குழுவில் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். உடனே வந்தது குரல் பதிவு.

"மனுசிமார் ஓவனுக்கை விடாட்டி, கெல்லரிலை கிடக்கிற பழைய புட்டுப் பானையை எடுங்கோ. தண்ணியைக் கொதிக்க விட்டு ஆவியிலை வையுங்கோ. சூடு சூடுதானே! எடுத்த உடனை சப்பாத்துக்கை போட்டு வெறுங்காலை வைச்சு எழும்பி நில்லுங்கோ. காலுக்கு மேசு போட்டா அச்சு வடிவா வராது."

மனைவி கீழே நிலவறைக் கெல்லரில் இருந்து பழைய பானையைக் கொண்டுவந்து தந்தாள். "இனி இதிலை புட்டு அவிச்சா நீங்களும் அந்த அண்ணையும்தான் சாப்பிடோணும்" என்றாள்.

அவித்தேன். குறட்டால் எடுத்துச் சப்பாத்துக்குள் போட்டேன். வலது காலை வைத்ததும் சுட்டது, வெளியே இழுத்துவிட்டேன். இடது கால் சுடவில்லை. இதுதான் பதம் என்று எழும்பி நின்றேன். முழுப் பாரத்தையும் அந்தக் காலில் போட்டு நின்றேன். காலைக் கழற்றியபோது தோலின் ஒரு துண்டு மெத்தையோடு போனது. மனைவி அலறினாள். எனக்கு அப்போதும் நோகவில்லை.

சீனி வருத்தத்தால் காலில் உணர்ச்சி நரம்பு எப்போதோ செத்துவிட்டது, அதனால்தான் விறைத்தது என்று டொக்டர் சொன்னார். மெத்தையின் பிழையும் இல்லை, சப்பாத்தின் பிழையும் இல்லை. புண் ஆறவில்லை. மருந்து கட்டும் தாதி வீட்டுக்கு வந்து போகிறார். சின்ன விரலை எடுக்க வேண்டிவரும் என்கிறார்கள், அதோடு நிற்குமா என்று கேட்டால் பிறகு பார்ப்போம் என்கிறார்கள். தொழிற்சாலையில் என் இடத்தில் வேறொருவர் நிற்கிறார். சைக்கிள் கெல்லரில், அந்தப் பானைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

விசயம் தெரிந்ததும் இவர் குரல் பதிவை அழித்தார். பிறகு புதிதாக ஒன்று போட்டார். "தம்பி சீனியைக் கவனிக்கேல்லை, அதுதான் கால் பழுதாப் போச்சு. நீங்களும் கவனமா இருங்கோ." கீழே வரிசையாகக் கும்பிடும் கைப்படங்கள்.

நான் இவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, நான் என்ன டொக்டரோ? எனக்கு என்னெண்டு தெரியும்?"

"சீனி மில் எண்டு சொன்னது ஆர்?"

"ஐயோ, அது பகிடிக்கு."

"கால் இருக்கிறதே தெரியேல்லை எண்டு நான் சொன்னதும் பகிடியோ?"

குரலைத் தாழ்த்தினார். பிறகு சொன்னார்: "உதைக் குரூப்பிலை போடாதேங்கோ. நாங்கள் தனியக் கதைப்பம்."

தனியக் கதைக்க ஒன்றும் இல்லை. நீங்கள் என்ன சொன்னாலும் என் தோல் திரும்பாது, வேலை திரும்பாது. அது முடிந்த கதை. ஆனால் எங்கள் குழுவில் சீனி வருத்தக்காரர் வேறும் இருக்கிறார்கள். நீங்கள் பகிர்ந்த மெத்தை அவர்கள் வீட்டில் இன்னும் சூடாக்காமல் கிடக்கிறது. என் கால் சீனியால் போனது என்று நம்பிக்கொண்டு, நாளைக்கு அவர்களும் பானையை அடுப்பில் வைப்பார்கள்.

பகிடி விட்டது எல்லோருக்கும் முன்னால். பானையைச் சொன்னதும் எல்லோருக்கும் முன்னால். எனக்குச் சீனி என்று தெரியும், கால் விறைக்கிறது என்றும் தெரியும். தெரிந்துகொண்டு, கொதிக்கிற மெத்தையில் வெறுங்காலை வைக்கச் சொன்னீர்களா, இல்லையா? ஓம் என்றோ இல்லை என்றோ, அதே குழுவில், அதே குரலில் எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள், அண்ணை.